கார் கப்பல் படத்தில் ஏன் வெறும் பெட்டியாகவே விழுகிறது?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகருக்குப் படிக்க வந்திருக்கும் ஒருவரின் கேள்வியைச் சுருக்கினால் இவ்வாறு வரும். ஆயிரக்கணக்கான கார்களைச் சுமந்து துறைமுகத்துக்குள் நுழையும் பெரிய கப்பல்களை அவர் மூன்று மாதங்களாகப் படமெடுத்து வருகிறார். கையில் படத்தைப் பதியும் உணரி சற்றுச் சிறியதான ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராவும் 55–250 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் கப்பல் தண்ணீரில் மிதக்கும் கிடங்குச் சுவரைப் போலவே விழுகிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இது சரியாகுமா, எங்கே நிற்க வேண்டும், ஊருக்குப் போகும்போது சென்னையிலும் இப்படி எடுக்கலாமா என்பவை அவர் கேட்டவை. கேள்வியில் லென்ஸ் முன்னால் நின்றாலும், அதற்குள் இருப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் படுகிறது: கப்பல் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வரும், அப்போது சூரியன் எங்கே இருக்கும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால், உங்களிடம் இப்போது உள்ள லென்ஸே போதும்.

பதில் சொல்பவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரியாக இருந்தேன். அதில் இரண்டு ஒப்பந்தக் காலங்கள் கார் கப்பலில் கழிந்தன. தேர்ச்சிச் சான்றிதழுக்காகச் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்திலுள்ள வார்சாஷுக்குப் படிக்க வந்தவன், பிறகு குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டேன். படமெடுப்பது எனக்குத் தொழில் அன்று, விடுமுறை நாள் வழக்கம். ஆகையால் கப்பலின் நகர்வைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கேமராவைப் பற்றிச் சொல்வதை அனுபவமுள்ள ஒருவரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் படத்தைத் திருத்துவது பற்றி நான் பேசப் போவதில்லை, அதில் நான் கற்றுக்குட்டி.

முதலில் பெட்டி ஏன் பெட்டியாக இருக்கிறது என்று பார்ப்போம். இன்று கடலில் ஓடும் பெரிய கார் கப்பல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 32 மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்டவை. பனாமா கால்வாயின் பழைய பூட்டுகளுக்குள் (கப்பலை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் அடைப்பு அறைகளுக்குள்) நுழையக்கூடிய அதிக அளவு அதுதான் என்பதால் அந்த அகலம் வந்தது. 2016-இல் கால்வாயின் புதிய பூட்டுகள் திறக்கப்பட்ட பிறகு 36, 38 மீட்டர் அகலமுள்ளவை பெருகிவருகின்றன. உள்ளே பன்னிரண்டு, பதின்மூன்று தளங்கள் அடுக்கடுக்காக இருக்கும். காரின் எடை குறைவு, அது அடைக்கும் இடம் அதிகம். எனவே கப்பல் தண்ணீருக்குள் 9 அல்லது 10 மீட்டர்தான் அமிழும், தண்ணீருக்கு மேலே பத்து மாடிக் கட்டடம்போல் எழுந்து நிற்கும். சரக்கு மழையிலும் உப்புக்காற்றிலும் நனையக் கூடாது என்பதால் பக்கங்கள் முழுவதும் மூடியிருக்கும். சரக்குக் கப்பலில் கண்ணுக்குப் பிடிகொடுக்கும் பாரந்தூக்கி, அடுக்கிய பெட்டிகள், திறந்த தளம் எதுவும் இதில் கிடையாது. வளைவு என்று சொல்லத்தக்கது முன்பக்கத்து அணியத்திலும் பின்பக்கத்து அமரத்திலும் மட்டுமே உண்டு. இப்படிப்பட்ட ஒன்றை நேர்ப்பக்கவாட்டில் நின்று எடுத்தால் கிடைப்பது சுவர்தான், 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால் இன்னும் பெரிய சுவர் கிடைக்கும். அணியமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் சாய்ந்த கோணத்தில் எடுக்கும்போதுதான் கப்பலின் கனம் படத்தில் இறங்கும். அந்தக் கோணம் கப்பல் உங்களுக்கு நேரே வருவதற்கு முன்பாகவே முடிந்துவிடுகிறது. பலர் கப்பல் முழுதாகத் தெரியட்டும் என்று அந்த நொடிகளைக் கடத்திவிட்டு, நேரே வந்தபின் பொத்தானை அழுத்துகிறார்கள்.

அடுத்தது, இந்தக் கப்பல்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல. கார்கள் ஏறி இறங்கும் பெரிய சாய்தளம், கப்பலில் நாங்கள் ராம்ப் என்று சொல்வது, பெரும்பாலும் வலப்பக்கப் பின்மூலையில்தான் இருக்கும். கடலில் போகும்போது அது மடித்து நிமிர்த்தப்பட்டு, அமரத்தின் மூலையில் ஒரு கோபுரம்போல் நிற்கும். பக்கவாட்டில் இன்னொரு சிறிய சாய்தளம் இருந்தால் அதுவும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். எனவே கார் கப்பல் வலப்பக்கத்தைக் கரையில் அணைத்துத்தான் கட்டப்படும். 2011-இல் வந்த டோன்ஸ்பெர்க் என்ற 265 மீட்டர் கப்பலின் சாய்தளம் 505 டன் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. கார் கப்பல் என்று நாம் எளிதாகச் சொன்னாலும் சுரங்க இயந்திரம், ரயில் பெட்டி, விசையாழி எல்லாம் அந்தச் சாய்தளம் வழியாகத்தான் போகின்றன. பெட்டியைக் கப்பலாகக் காட்டும் உறுப்பு இதுவே என்பது என் எண்ணம். இடப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அது ஒளிந்துகொள்ளும். ஆகவே எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதே, சாய்தளம் உங்கள் படத்தில் இருக்குமா இருக்காதா என்பதை முடிவு செய்துவிடுகிறது.

இப்போது வழி. சவுத்தாம்ப்டனுக்கு வரும் பெரிய கப்பல்கள் நகருக்குத் தெற்கேயுள்ள வைட் தீவின் கிழக்கே, கடலில் நிற்கும் நாப் கோபுரத்துக்கு அருகில் துறைமுக வழிகாட்டியான பைலட்டை ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து கரை சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள சோலன்ட் நீரிணையின் கிழக்குப் பகுதி வழியாக மேற்கு நோக்கி வந்து, தீவின் வடமுனையிலுள்ள கௌஸ் ஊரைத் தாண்டி, பிராம்பிள் என்னும் மணல்திட்டின் மேற்குப் பக்கத்தைச் சுற்றி வலப்புறம் திரும்பி வடகிழக்காகத் தார்ன் கால்வாய் என்னும் ஆழமான கப்பல் தடத்தில் நுழையும். அதன் முடிவில் கால்ஷாட் முனையில் இடப்புறம் திரும்பி வடமேற்காகச் சவுத்தாம்ப்டன் நீர்ப்பரப்புக்குள் போகும். பிராம்பிள் திட்டில் எடுக்கும் முதல் திருப்பம் நூறு பாகைக்கும் மேற்பட்டது. கார் கப்பலின் பிரிட்ஜ், அதாவது கப்பலைச் செலுத்தும் அறை, பெரும்பாலும் முன்முனையில் இருப்பதால், அந்தத் திருப்பத்தில் அங்கே நிற்பது நீண்ட அளவுகோலின் நுனியில் நின்றபடி அதைச் சுழற்றுவது போலிருக்கும். நமக்குப் பின்னால் 180 மீட்டர் வேறொரு பாதையில் வழுக்கிக்கொண்டு வரும்.

இந்தத் திருப்பம் விளையாட்டல்ல என்பதற்கு 2015 ஜனவரி 3 சான்று. ஹோக் ஒசாகா என்ற கார் கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்குப் புறப்பட்டு, இதே இடத்தில் எதிர்த்திசையில் திரும்பும்போது 40 பாகைக்கும் மேலாகச் சாய்ந்து பிராம்பிள் திட்டில் தரைதட்டியது. சுமார் 1,400 கார்கள் உள்ளே இருந்தன. ஆட்கள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலின் நிலைப்புத்தன்மை போதாத நிலையிலேயே அது துறையை விட்டுக் கிளம்பியது என்றும், பாலாஸ்ட் நீர் (கப்பலை நிலைப்படுத்தத் தொட்டிகளில் நிரப்பும் நீர்), சரக்கின் எடை ஆகியவற்றின் கணக்கு உண்மை நிலவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு பின்னர் அறிக்கை தந்தது. அன்று உலகம் முழுவதும் பரவிய படங்களில் கப்பலின் அடிவயிற்றுச் சிவப்பும் சுழல்விசிறியும் தெரிந்தன. (அதே திட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, கடல் மிக வற்றும் நாளில், இரண்டு படகு மன்றங்கள் தண்ணீர் மீண்டும் ஏறுவதற்குள் ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஆடுகின்றன என்றால் நம்ம ஊர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். உண்மைதான்.)

இந்தத் திருப்பத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் தீவுக்குப் போக வேண்டும். சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்குக் கௌஸுக்கு விரைவுப் படகு இருக்கிறது, பயணம் அரை மணி நேரத்துக்குள் முடியும். இறங்கிக் கடலோர நடைபாதையில் மேற்கே நடந்தால் எகிப்து பாயின்ட் என்ற முனையும் அங்கே பழைய சிறு கலங்கரை விளக்கும் வரும். கரை வடக்கு நோக்கி இருப்பதால் சூரியன் பகல் பொழுதின் பெரும்பகுதி உங்கள் முதுகுப் பக்கமே இருக்கும். உள்ளே வரும் கப்பல் முதலில் கிழக்கிலிருந்து அணியத்தைக் காட்டும். பிறகு இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கடக்கும். திரும்பத் தொடங்கியதும் பின்புறம் முழுவதும் உங்களை நோக்கி வரும். கடைசியாக வலப்பின் மூலையும் நிமிர்ந்த சாய்தளமும் தெரியும். ஒரே இடத்தில் நின்று கப்பலை ஏறக்குறைய முழுச்சுற்றும் பார்க்கக் கிடைக்கும் இடம் இந்த வழியில் இதுபோல் வேறொன்று இல்லை. சுமார் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் தொலைவு என்பதால் உங்கள் லென்ஸின் நடுப்பகுதியே போதும். டிசம்பரில் இங்கு நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 16 பாகைகூட ஏறாது. நாள் முழுவதும் மாலை வெயில்போலச் சாய்ந்தே விழும். குளிரைப் பொறுத்துக்கொண்டால் கார் கப்பலுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, ஏனென்றால் அந்தச் சாய்ந்த ஒளியில்தான் தட்டையான பக்கத்தின் தகடு இணைப்புகளும் காற்றுத்துளை மூடிகளும் நிழல் கொடுத்துத் தெரியவரும்.

தீவுக்குப் போகாமல் பெருநிலக் கரையிலேயே இருக்க விரும்பினால் கால்ஷாட். எட்டாம் ஹென்றி 1540-இல் கட்டிய சிறு கோட்டை நிற்கும் கூழாங்கல் முனை அது. கப்பல் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடக்கும், கடக்கும்போதே இடப்புறம் திரும்பும். அந்த அரைநிமிடத்தில் அணியம் உங்களை நோக்கி அசைந்து வருவதுபோல் இருக்கும். நான் முன்பு சொன்ன சாய்ந்த கோணம் இங்கே கேட்காமலே கிடைக்கிறது. வரிசையாக நிற்கும் வண்ணக் கடற்கரைக் குடில்களில் ஒன்றிரண்டைப் படத்தின் முன்னால் வைத்துக்கொண்டால் கப்பலின் உயரம் தானாகப் புரியும். வெறும் கடலும் கப்பலும் மட்டும் இருக்கும் படத்தில் 200 மீட்டரையும் 20 மீட்டரையும் பிரித்தறியக் கண்ணுக்கு அளவு கிடைக்காது. ஒரு பாய்ப்படகோ, பைலட் படகோ, இழுவைப் படகோ, மனித உருவமோ அருகில் வரும்வரை காத்திருப்பது வீண்போகாது. பழைய படங்களில் பின்னணியில் தெரியும் ஃபாலி மின்நிலையத்தின் 198 மீட்டர் புகைபோக்கியை இப்போது தேடாதீர்கள், 2021 அக்டோபர் 31 அன்று அதை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். கால்ஷாட்டில் காலை வெயில் முகத்தில் அடிக்கும், பிற்பகல் முதல் நல்லது. ஆனால் ஒன்று: உள்ளே வரும் கப்பல் இங்கே இடப்பக்கத்தையே காட்டும், சாய்தளம் தெரியாது. வெளியே போகும் கப்பலோ இங்கு வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும். வருகையைத்தான் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், மாலையில் கிளம்பும் கார் கப்பலைக் கால்ஷாட்டில் எடுத்துப் பாருங்கள்.

வருகையையும் சாய்தளத்தையும் சேர்த்து எடுக்க எதிரேயுள்ள கிழக்குக் கரைதான் வழி. நெட்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ராயல் விக்டோரியா பூங்கா இருக்கிறது. பழைய ராணுவ மருத்துவமனை இருந்த இடம், இப்போது அதன் தேவாலயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே புல்வெளியிலிருந்து இறங்கினால் கடற்கரை. வடமேற்காகப் போகும் கப்பலின் வலப்பக்கம் இந்தக் கரைக்குத் தெரியும். காலையில் மட்டும் அந்தப் பக்கத்தில் வெயில் விழும். பிற்பகலில் அது நிழலுருவமாகிவிடும், வேண்டுமானால் அதையே எடுக்கலாம். இன்னும் உள்ளே போனால் வெஸ்டன் கரை. துறைமுகத்தின் கிழக்குத் துறைகள் இரண்டு ஆறுகளுக்கு நடுவே மூக்குப்போல் நீண்டிருக்கின்றன. மேற்கிலுள்ள டெஸ்ட் ஆற்றுப் பக்கத்தில் கப்பல் அணையும் மேடையில் கட்ட வரும் கார் கப்பல் வலப்பக்கத்தை நேராக அணைத்துவிடலாம். கிழக்கிலுள்ள இச்சன் ஆற்றுப் பக்கத்தில் மேடை இடப்புறம் வருகிறது. ஆகவே அங்கே கட்ட வேண்டிய கப்பல் பெரும்பாலும் மூக்கின் நுனிக்கு வெளியே இழுவைப் படகுகளின் துணையோடு தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்து உள்ளே வரும். 200 மீட்டர் கட்டடம் ஒன்று நின்ற இடத்தில் திரும்புவதை வெஸ்டன் கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். டெஸ்ட் பக்கத்துக் கப்பல்களுக்கு எதிரே ஹைத் ஊர் நல்லது. பிற்பகல் வெயிலில் துறையும், அதற்குப் பின்னால் பல மாடிகளில் காத்திருக்கும் புதுக் கார்களும் சேர்ந்து தெரியும். எனக்குப் பிடித்தது வெஸ்டன்தான், காரணம் அங்கே சும்மா நிற்கும் கிழவர்களுக்குக் கப்பல்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலிகள் காட்டும் கப்பல் நகர்வு ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கிக் கருவியிலிருந்து வருவது. சர்வதேசப் பயணத்தில் 300 மொத்த டன்னேஜும் (எடையல்ல, கப்பலின் கொள்ளளவைக் காட்டும் அளவு) அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் அதை வைத்திருந்தே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் இருப்பிடம், திசை, வேகம் ஆகியவை சில நொடிகளுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒலிபரப்பாகும். கருவி தானே அனுப்புவதால் அவற்றை நம்பலாம். ஆனால் போய்ச்சேரும் துறைமுகமும் வந்துசேரும் நேரமும் கையால் தட்டச்சு செய்யப்படுபவை, அதைச் செய்பவர் தூக்கம் குறைந்த ஓர் இளநிலை அதிகாரி. நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது, முந்தைய துறைமுகத்தின் பெயரை மாற்ற மறந்து இரண்டு நாள் அப்படியே ஓடியிருக்கிறேன். கேப்டன் பார்த்துச் சொன்ன பிறகுதான் திருத்தினேன். எங்கோ ஒரு கரையில் ஒருவர் கேமராவோடு ஏமாந்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை. அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்: ஒரு பிப்ரவரிக் காலையில் நெட்லியில் நான்கு மணி நேரம் காத்திருந்தபோது, நான் எதிர்பார்த்த கப்பல் தீவின் கிழக்கே நங்கூரமிட்டுப் படுத்திருந்தது.

ஆகவே செயலியின் வருகை நேரத்தை விட்டுவிட்டுத் துறைமுக நிர்வாகம் இணையத்தில் வெளியிடும் கப்பல் நகர்வுப் பட்டியலைப் பாருங்கள். பைலட் ஏறும் நேரம் மாறினால் அதுவும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். உண்மையான அடையாளம் ஒன்றுதான்: கப்பல் நாப் பகுதியைக் கடந்து, வேகம் குறையாமல் மேற்கு நோக்கித் திரும்பிவிட்டதா என்பது. திரும்பிவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்ப உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்கிறது. மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களைப்போல் கார் கப்பல்கள் உயர் ஓதத்துக்காக, அதாவது கடல் நீர் ஏறும் நேரத்துக்காக, காத்திருக்கத் தேவையில்லை, அவற்றின் ஆழம் குறைவு. அதனால் அவற்றின் வருகையை ஓத அட்டவணையைக் கொண்டு ஊகிக்க முடியாது. மேடை காலியாகும் நேரமும் வேலையாட்கள் கிடைக்கும் நேரமுமே அதை முடிவு செய்கின்றன. நடுநிசியிலும் வரும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

காற்றையும் பார்க்க வேண்டும். நீருக்கு மேல் தெரியும் பக்கம் ஏறத்தாழ 6,000 சதுர மீட்டர் என்று கொண்டால், 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகக் காற்று நேர்பக்கத்தில் அடிக்கும்போது தோராயமாக 60 டன் விசையோடு கப்பலைத் தள்ளும். அப்போது கப்பல் தான் போகும் பாதைக்கு நேராக அணியத்தை வைக்க முடியாது. காற்று வரும் பக்கம் சற்றே திருப்பி வைத்து, நண்டுபோல் சாய்வாக நகரும். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றுக்கு அண்ணன் முறை. வடமேற்காகப் போகும் கப்பலுக்கு அது சரியாக இடப்பக்கத்தில் அடிக்கும், அணியம் மேற்குக் கரையை நோக்கி லேசாகத் திரும்பியிருக்கும். காற்றுள்ள நாளில் அந்த மேற்குக் கரையிலுள்ள ஹைத் பக்கத்திலிருந்து எடுக்கும் படங்கள் நன்றாக அமைவதற்கு இதுவே காரணம். இழுவைப் படகுகளும் அதிகம் வரும். காற்று மிகுந்துவிட்டால் வருகையே தள்ளிப்போகும் என்பது இதன் மறுபக்கம்.

இனி லென்ஸ் கணக்கு. ஏ.பி.எஸ்.-சி கேமராக்களின் உணரி 22 முதல் 23.5 மி.மீ. வரை அகலமுள்ளது, 23.5 என்றே கொள்வோம். 200 மீட்டர் கப்பல் பக்கவாட்டில் படத்தை முழுவதும் நிரப்ப, 600 மீட்டர் தொலைவில் 70 மி.மீ., ஒரு கிலோமீட்டரில் 117 மி.மீ., இரண்டு கிலோமீட்டரில் 235 மி.மீ. போதும். சுற்றிலும் இடம் விட்டால் இன்னும் குறையும். நான் சொன்ன எந்த இடத்திலும் 250-ஐத் தாண்ட வேண்டிய தேவை இல்லை. 600 மி.மீ. வாங்கினால் பைலட் ஏணியில் ஏறுவதையும் கயிறு வீசும் மாலுமியையும் எடுக்கலாம், அது வேறு வகைப் படம். தொலைவு கூடக்கூட நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்றின் அலைவு படத்தைக் கெடுக்கும். நீருக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வேறுபடும் நாட்களில் கப்பலின் நீர்மட்டக் கோடு நெளிந்து உருகியதுபோல் தெரியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. அந்த நாட்களில் அருகில் வரும் கப்பலை மட்டும் எடுப்பதே வழி.

கப்பல் மெதுவாகத்தானே போகிறது என்று ஷட்டர் வேகத்தை மிகவும் குறைத்துவிடாதீர்கள். 10 நாட் வேகத்தில் அது நொடிக்கு 5 மீட்டர் நகர்கிறது, தன் நீளத்தை 40 நொடியில் கடந்துவிடும். அந்தி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 200 மி.மீ. லென்ஸோடு 1/15 நொடி வைத்தால், முக்காலி அசையாவிட்டாலும் கப்பல் நகர்ந்து எழுத்துகள் மங்கிவிடும். 1/125-க்குக் கீழே போகாமலிருப்பது என் பழக்கம். பகலில் 1/500 வைப்பது காற்றில் ஆடும் உங்கள் கைகளுக்காகத்தான். வெள்ளைப் பக்கமுள்ள கப்பல் படத்தை நிரப்பும்போது கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், ஒளியை முக்கால் படி கூட்டுங்கள். அதே கப்பல் இருண்ட கடலில் சிறிதாகத் தெரிந்தால் நேர்மாறாக வெள்ளை வெளிறிப்போகும், அப்போது குறைக்க வேண்டும். கேமரா திருத்தாத மூலப்பதிவான ரா கோப்பாக எடுத்தால் இதில் ஓரளவு பிழை பொறுக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்த நாட்டில் பொது இடத்தில் நின்று கப்பலைப் படமெடுக்கத் தடை இல்லை. நான் சொன்ன இடங்கள் எல்லாம் பொது இடங்கள். துறைமுக வேலிக்கு உள்ளே போவது வேறு, அது சர்வதேசப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகிறது. யாராவது வந்து கேட்டால் என்ன எடுக்கிறீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள், இரண்டு முறையும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். நண்பரின் படகில் போய் அருகில் எடுக்கலாம் என்ற எண்ணம் வந்தால், கால்ஷாட், கௌஸ் இடையேயான பகுதியில் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் சிறுபடகுகள் நுழையக் கூடாத நகரும் தடைப்பகுதி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்ஜிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அணியத்துக்கு அருகிலுள்ள சிறுபடகு எங்கள் கண்ணில் படவே படாது. பலர் கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலி வாங்கித் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பேச்சைக் கேட்கிறார்கள். தமக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம், அதை நான் பரிந்துரைக்கவில்லை. டிரோன் நான் பறக்கவிட்டதில்லை. விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதால், விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

சென்னையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்தும் கார்கள் ஏற்றுமதியாகின்றன. இங்கே நீங்கள் பார்க்கும் அதே வகைக் கப்பல்கள்தான் அங்கும் வருகின்றன. ஆனால் இங்குள்ள வழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். துறைமுகங்களை மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை காவல் காக்கிறது, எல்லைக்குள் அனுமதியின்றிப் படமெடுக்க முடியாது. வாயிலருகிலோ சுற்றுச்சுவரருகிலோ நீண்ட லென்ஸை வெளியே எடுத்தால் நாள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மெரினா மணலில் நின்றால் வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைத் தொலைவில் பார்க்கலாம். கரை கிழக்கு நோக்கி இருப்பதால் காலையில் எதிர்வெயில், மாலை நான்கு மணிக்குமேல் கப்பல்கள்மீது நேர்வெயில் விழும். உங்கள் 250 மி.மீ. அங்கே போதாது, 600 மி.மீ. தேவைப்படுவது அங்கேதான். வெப்பக்காற்றின் அலைவு அதையும் பெரும்பாலான நாட்களில் வீணாக்கிவிடும் என்பதால், அதற்காக ஒன்றை வாடகைக்கு எடுத்தால் போதும், வாங்க வேண்டாம்.